குழாய் திடீரென அகலும் இடத்தில் எதைப் பொருத்துவது: புஷ்ஷா, ரெடியூசரா, கூம்பா, இரண்டு படியா?

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, மாநில எல்லையை நடந்தே தொட்டுவிடும் தூரத்தில் என் மைத்துனருடைய தென்னந்தோப்பு இருக்கிறது. கிணற்று மேட்டில் 5 குதிரைத்திறன் மோட்டார். அங்கிருந்து இரண்டு அங்குலக் குழாய், அதாவது கடையில் 63 மில்லிமீட்டர் என்று விற்கும் பி.வி.சி., 40 மீட்டர் ஓடுகிறது. அதில் கடைசி 10 மீட்டர் ஊர்ச் சாலைக்கு அடியில் புதைந்திருக்கிறது. சாலையைத் தாண்டியதும் அவருடைய அப்பா காலத்தில் பதித்த நான்கு அங்குலக் குழாய், கடைக் கணக்கில் 110 மில்லிமீட்டர், தொடங்கி, 180 மீட்டர் போய்த் தரைத்தொட்டியில் விழுகிறது. பழைய கிணறு வற்றியபோது புதுக் கிணற்றிலிருந்து அவசரமாக இழுத்த குழாய் என்பதால்தான் முன்பகுதி சிறியதாகவும் பின்பகுதி பெரியதாகவும் அமைந்துவிட்டது. இரண்டும் சேரும் அந்த இணைப்பு சென்ற மாதம் விரிசல் விட்டது.

“எப்படியும் மாற்றத்தான் போகிறோம். எதைப் போட்டால் நல்லது, மாமா?” என்று கேட்டார். பிளம்பர் ஒரு புஷ் போதும் என்று சொல்லியிருக்கிறார். பொள்ளாச்சியில் ஒரு கடைக்காரர், இரண்டு அளவுக் குழாய்களைச் சரிவாக இணைக்கும் ரெடியூசரை எடுத்து நீட்டியிருக்கிறார். பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், நீளமான இரும்புக் கூம்பு செய்து தருகிறேன், தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகும் என்றிருக்கிறார். ஒரு பாலிடெக்னிக்கின் நீரியல் ஆய்வகத்தில் மாணவர்களுக்கு இதே கணக்கைச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனாலும் சொந்தத் தோப்புக்குப் பதில் சொல்லும்போது பாடம் போதவில்லை. டேப்பும் பேரலும் எடுத்துக்கொண்டு நேரில் போனேன்.

இந்தப் பகுதியில் தண்ணீரைப் பற்றி யாரும் அலட்சியமாகப் பேசுவதில்லை. பாலக்காடு மாவட்டம் என்றதும் வெளியூர்க்காரர்கள் நெல்வயலையும் மழையையும் நினைக்கிறார்கள். சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரம் அப்படியில்லை. பார்ப்பதற்கு இது பொள்ளாச்சியின் தொடர்ச்சி. 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாகக் கேரளத்துக்கு வர வேண்டும். அது மூலத்தறைத் தடுப்பணையில் திரும்பிக் கால்வாய்களுக்குப் போகிறது. கால்வாய் எட்டாத தோப்புக்குக் கிணறுதான், ஆழ்துளைதான். மேலே ஏற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் மோட்டார் உழைக்கிறது என்பதால், குழாய்க்குள் எங்கே அந்த உழைப்பு கரைகிறது என்று பார்ப்பது வீண் ஆராய்ச்சி இல்லை.

பலரும் கேட்கும் முதல் கேள்வி இது: குறுகும் இடத்தில் தண்ணீர் திணறும், சரி, அகலும் இடத்தில் அதற்கு என்ன கஷ்டம்? இடம் கிடைத்தால் நிம்மதியாகப் பரவிக்கொள்ளாதா?

பரவாது. கால்வாய் மதகைச் சற்றே திறந்து பாருங்கள். தண்ணீர் நடுவில் ஒரே வீச்சாகப் பாய்கிறது. இரு பக்கமும் அகலமான இடம் காத்திருந்தாலும் உடனே அங்கே போவதில்லை. அந்த ஓரங்களில் மிதக்கும் தென்னஞ்சருகு மதகை நோக்கிப் பின்னாலேயே வந்து, ஓட்டத்தில் சிக்கி, மறுபடி முன்னே போய், மீண்டும் திரும்பி வருகிறது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கும்போது மதில் சுவரின் மறைவில் சருகுகள் வட்டமடிப்பதும் இதேதான். பாய்ந்து வரும் ஓட்டம் மூலையில் சட்டென்று திரும்பாது. தன் வேகத்திலேயே நேராகப் போகும். அது விட்டுச் சென்ற மூலையில் சுழி உருவாகும்.

குழாய்க்குள் இந்தச் சுழி வளையமாக இருக்கிறது. சிறிய குழாயிலிருந்து வரும் நீர் ஒரு தூண்போலப் பெரிய குழாயின் நடுவில் நுழைகிறது. தூணைச் சுற்றி மெதுவாகப் பின்னோக்கிச் சுழலும் நீர் மாலைபோல நிற்கிறது. வேகமான தூணும் மந்தமான மாலையும் உரசும் இடத்தில் சின்னச் சின்னச் சுழல்கள் பிறந்து, பெருத்து, ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டு போகின்றன. தூண் அகன்று அகன்று ஓரிடத்தில் பெரிய குழாயின் சுவரைத் தொடுகிறது. கொந்தளிப்பான ஓட்டத்தில், படியின் உயரத்தைப்போல ஏறக்குறைய 6 முதல் 12 மடங்கு தூரத்தில் இது நடக்கும். நம் குழாயில் படியின் உயரம் இரண்டேகால் சென்டிமீட்டர். ஆக ஏறக்குறைய ஒரு சாண் தூரத்துக்குள் தண்ணீர் சுவரைத் தொட்டுவிடும். அதன்பிறகும் ஓட்டம் முழுதாக அடங்கி, சீரான வடிவத்துக்கு வர இன்னும் சில முழம் பிடிக்கும். சுழல்களில் போன ஆற்றல் தண்ணீரை அளவிட முடியாத அளவு சிறிதாகச் சூடாக்கிவிட்டு மறைந்துபோகிறது. மோட்டார் கொடுத்த வேகத்தில் ஒரு பங்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

இதையும், பெரிய குழாயில் அழுத்தம் கூடும் என்பதையும் சொன்னபோது பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். “அகலும் இடத்தில் இழப்பு என்கிறீர்கள். ஆனால் பெரிய குழாயில் அழுத்தம் கூடும் என்றும் சொல்கிறீர்கள். இரண்டும் எப்படிச் சரியாகும்?” இரண்டும் சரி. வேகம் குறையும்போது, அந்த வேகத்தில் இருந்த ஆற்றலில் ஒரு பகுதி அழுத்தமாக மாறித் திரும்பக் கிடைக்கிறது. மீதிப் பகுதி சுழலில் போகிறது. முழுதும் திரும்பக் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை என்பதே இழப்பு.

வாயால் சொல்வதைவிடக் காட்டிவிடலாம் என்று தோன்றியது. புது இணைப்பைத் தற்காலிகமாகப் பொருத்தி ஓட்டிய நாளில், இணைப்புக்கு ஒரு சாண் முன்னால் சின்னக் குழாயில் ஒரு துளையும், இணைப்புக்கு அப்பால் முக்கால் மீட்டர் தள்ளிப் பெரிய குழாயில் ஒரு துளையும் போட்டு, கொத்தனார் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் குழாயை இரண்டிலும் செருகி, அருகிலிருந்த தென்னைமரத்தில் நிமிர்த்திக் கட்டினோம். தொட்டி தரையில் இருப்பதால் அங்கே அழுத்தம் அதிகமில்லை. இரண்டு குழாயிலும் தண்ணீர் ஆள் உயரத்தைக் கொஞ்சம் தாண்டி நின்றது. பெரிய குழாயிலிருந்து வந்த நீர்மட்டம் மற்றதைவிட ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்து நின்றது. ஓட்டம் போகும் திசையில் அழுத்தம் ஏறுகிறது. எத்தனையோ முறை ஆய்வகத்தில் பார்த்த காட்சிதான். தோப்பு நடுவில், தென்னைமரத்தில் பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஒரு எச்சரிக்கை: முன்துளையை ஒன்றரை மீட்டர் தள்ளிப் போட்டிருந்தால் இந்த வித்தியாசம் ஏறக்குறைய காணாமலே போயிருக்கும். அதற்கான காரணம் கீழே வருகிறது. முடிவைத் தீர்மானித்ததும் அந்தக் காரணமே.

இழப்பு எவ்வளவு என்பதற்கு இரண்டரை நூற்றாண்டாக ஒரு கணக்கு இருக்கிறது. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியும் பொறியாளருமான போர்டா 1766-இல் இதை எழுதினார். பின்னர் இயந்திரங்களைப் பற்றி ஆராய்ந்த லசார் கார்னோ இதற்கு ஆழமான பொருள் கொடுத்தார். இன்றும் இருவர் பெயரையும் சேர்த்தே போர்டா–கார்னோ இழப்பு என்கிறார்கள். வேகமாக வரும் நீர், முன்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும் நீரின் முதுகில் மோதி அதனுடன் ஒட்டிக்கொள்கிறது என்று எண்ணிப் பாருங்கள். களிமண் உருண்டை ஒன்று இன்னொன்றின்மீது மோதி இரண்டும் ஒன்றாக நகர்வது போன்ற மோதல் இது. அதில் ஆற்றல் முழுதும் மிஞ்சாது. இழப்பு, இரண்டு வேகங்களின் வித்தியாசத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்கு எளிது: வேக வித்தியாசத்தை அதனாலேயே பெருக்கி, 19.62-ஆல் (புவியீர்ப்பு முடுக்கம் 9.81-இன் இரு மடங்கு) வகுத்தால் இழப்பு மீட்டரில் கிடைக்கும். பம்பு விற்பவர்கள் ‘ஹெட்’ என்று சொல்லும் உயரம் அது. அத்தனை மீட்டர் கூடுதலாகத் தண்ணீரை ஏற்றியதற்குச் சமம்.

நம் தோப்பின் எண்களைப் போட்டுப் பார்ப்போம். 200 லிட்டர் பேரல் 25 வினாடியில் நிரம்பியது. ஆக வினாடிக்கு 8 லிட்டர். சின்னக் குழாயின் உள்விட்டம் 58 மில்லிமீட்டர், பெரியதன் உள்விட்டம் 103 என்று வைத்துக்கொள்கிறேன். சின்னதில் வேகம் வினாடிக்கு 3.03 மீட்டர், பெரியதில் 0.96 மீட்டர். திடீர் விரிவில் இழப்பு 22 சென்டிமீட்டர். அழுத்தமாகத் திரும்பக் கிடைப்பது 20 சென்டிமீட்டர். தென்னைமரத்தில் பார்த்த ‘சாணுக்குச் சற்றுக் குறைவு’ அதுதான்.

இனி ஒவ்வொன்றாக.

புஷ் என்பது பெரிய சாக்கெட்டின் உள்ளே செருகும் தடித்த வளையம். அதன் உட்புறம் சுத்தமான படி. மேலே சொன்ன திடீர் விரிவு அப்படியே. இழப்பு 22 சென்டிமீட்டர். மலிவானது, கட்டையானது, நன்றாக ஒட்டினால் உறுதியானது. மோசமான பொருள் என்று சொல்லவே மாட்டேன்.

ரெடியூசர் பார்ப்பதற்குக் கூம்பு வடிவத்தில் இருப்பதால், தண்ணீருக்கு இதமானது என்று எல்லோரும் நம்புகிறார்கள். நான் அளந்து பார்த்த ஒன்றில் சரிவான பகுதியின் நீளம் 4 சென்டிமீட்டர்தான். நம் இரண்டு விட்டங்களுக்கும் அந்த நீளம் என்றால் கூம்பின் மொத்தக் கோணம் ஏறக்குறைய 60 பாகை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏ.எச். கிப்சன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வெவ்வேறு கோணங்களில் கூம்புகள் செய்து இழப்பை அளந்தார். அவர் கண்டது இன்றும் எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது: கோணம் 7 பாகை அளவில் இருக்கும்போது இழப்பு மிகக் குறைவு, திடீர் விரிவின் இழப்பில் ஏழில் ஒரு பங்கு போல. கோணம் கூடக் கூட இழப்பு ஏறி, 60 பாகையை ஒட்டி உச்சம் தொட்டு, அங்கே திடீர் விரிவையே மிஞ்சிவிடுகிறது. சுவர் சரிந்திருந்தாலும் தண்ணீர் அதைப் பின்பற்ற முடிவதில்லை. ஏறும் அழுத்தத்தை எதிர்த்துப் போக வேண்டிய சுவரோர நீருக்கு வேகம் போதாமல் நின்று, பின்வாங்கி, சுழலாகிவிடுகிறது. அந்தச் சிறிய கூம்பு நம் தோப்பில் 26 சென்டிமீட்டர் வரை விழுங்கலாம். ஆக, அகலும் இடத்தைப் பொறுத்தவரை, கடைக்காரர் கூடுதல் விலைக்கு நீட்டிய ரெடியூசரால் தண்ணீருக்கு ஒரு பலனும் இல்லை. அதையே திருப்பிப் போட்டுப் பெரியதிலிருந்து சிறியதாகக் குறுக்கும்போது நிலைமை வேறு. குறுகும் ஓட்டம் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகும் என்பதால் அங்கே குட்டையான சரிவுகூட நல்ல பயன் தரும். ஒரே பொருள், ஓட்டத்தின் திசை மாறினால் குணமும் மாறுகிறது.

இதற்குச் சாட்சி தோப்பிலேயே இருக்கிறது. சொட்டுநீர்ப் பாசனத்தில் உரம் இழுக்கப் பொருத்தியிருக்கும் வெஞ்சுரியைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே போகும் பக்கம் குட்டையாகக் குறுகும். வெளியேறும் பக்கம் நீளமாக, சோம்பலாக விரியும். அழகுக்காகச் செய்ததில்லை. குறுகுவதை அவசரமாகச் செய்யலாம், விரிவதை அவசரப்படுத்தக்கூடாது என்று செய்தவருக்குத் தெரியும்.

மூன்றாவது, நண்பரின் பட்டறை செய்து தரும் நீண்ட கூம்பு. 7 பாகைக்கு 58-லிருந்து 103 ஆக விரிய 37 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். இழப்பு 22-லிருந்து 3 சென்டிமீட்டராகக் குறையும். 19 சென்டிமீட்டர் மிச்சம். கணக்கில் இதை எதுவும் வெல்லாது. ஆனால் இரும்புக் கூம்பை பி.வி.சி. குழாயுடன் சேர்க்க இரு பக்கமும் ஃபிளாஞ்ச் என்ற விளிம்புத் தட்டு வேண்டும், வாஷர் வேண்டும், போல்ட் வேண்டும். மண்ணுக்குள் புதைந்தால் துருப்பிடிக்கும். உள்ளே பற்றவைத்த மேடு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தாலும் ஓட்டம் சுவரை விட்டுப் பிரிய அது போதும். கூம்பு செய்ததன் பயனில் நல்ல பங்கு போய்விடும்.

பெரிய அமைப்புகளில் இந்த நீண்ட கூம்பு தவிர்க்கவே முடியாதது. நம் தெற்கே ஆனைமலையில் இருக்கும் காடம்பாறை நீரேற்று மின்நிலையம் 400 மெகாவாட் திறன் கொண்டது. அந்த வகைச் சுழலிகளுக்கு, அதாவது டர்பைன்களுக்கு, கீழே நீர் வெளியேறும் பாதை படிப்படியாக விரியும்படி கட்டப்பட்டிருக்கும். அங்கே வேகத்தை வீணாக்கினால் ஒவ்வொரு சென்டிமீட்டர் ஹெட்டும் கிலோவாட் கணக்கில் போய்விடும். ஐந்து குதிரைத்திறன் தோப்புக்கு அதே வைத்தியம் வேண்டுமா என்பது தனிக் கேள்வி.

நான்காவது வழியை யாரும் மைத்துனரிடம் சொல்லவில்லை. எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஒரே தாவலில் 63-லிருந்து 110-க்குப் போகாமல், நடுவில் ஓர் அளவைச் செருகுவது. இழப்பு வேக வித்தியாசத்தின் வர்க்கம் என்பதால், அந்த வித்தியாசத்தை இரண்டு சம பாகமாகப் பிரித்தால் ஒவ்வொரு படியிலும் கால் பங்கு இழப்பு. இரண்டும் சேர்ந்து அரைப் பங்கு. சாதாரண சாக்கெட்டும் புஷ்ஷும் போதும். பட்டறை தேவையில்லை.

ஆனால் நடுவில் எந்த அளவு? கடையில் 75, 90 இரண்டும் கிடைக்கின்றன. பார்வைக்கு 63-க்கும் 110-க்கும் நடு 90 போலத்தான் தெரிகிறது. பிளம்பரும் அதைத்தான் எடுத்து வைத்தார். விட்டத்தில் நடுவைத் தேடக்கூடாது, வேகத்தில் தேட வேண்டும். 3.03-க்கும் 0.96-க்கும் நடு ஏறக்குறைய 2. உள்விட்டம் 69 கொண்ட 75 மில்லிமீட்டர் குழாயில் வேகம் 2.14, உள்விட்டம் 84 கொண்ட 90-இல் அது 1.44. முடிவு: நடுவில் 75 போட்டால் மொத்த இழப்பு 11 சென்டிமீட்டர், 90 போட்டால் 14. வேகம் முதல் படியிலேயே பெருமளவு குறைந்துவிடுவதால் 90 கொஞ்சம் பின்தங்குகிறது. நடுத்துண்டு அரை மீட்டராவது நீளம் இருக்கட்டும். முதல் படியின் சுழல் அடங்கி, நீர் சுவரைத் தொட்டபிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். இரண்டு புஷ்களையும் ஒட்டி ஒட்டிப் போட்டால் அது ஒரே படிதான்.

இதுவரை சொன்னது எல்லாம் 22, 11, 3 என்று சென்டிமீட்டர் கணக்கு. பாடநூல் இங்கே முடிந்துவிடும். தோப்பில் அப்படி முடிக்க மனம் வரவில்லை, ஏனென்றால் சின்னக் குழாயே சத்தமில்லாமல் எத்தனை தின்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

58 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் வினாடிக்கு 8 லிட்டர் போனால், உராய்வினால் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறக்குறைய 13.7 சென்டிமீட்டர் ஹெட் போகிறது. 103-இல் அது 0.84 சென்டிமீட்டர் மட்டுமே. முன்துளையைத் தள்ளிப் போட்டால் வித்தியாசம் மறைந்துவிடும் என்று மேலே சொன்னது இதனால்தான். நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட திடீர் விரிவின் முழு இழப்பும், ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமான சின்னக் குழாயின் உராய்வுக்குச் சமம். நண்பரின் கூம்பு மிச்சப்படுத்தும் 19 சென்டிமீட்டரை, சின்னக் குழாயில் ஒன்றரை மீட்டரை வெட்டி எடுத்துப் பெரியது போட்டாலே பெற்றுவிடலாம். 40 மீட்டருக்குமாக உராய்வு ஐந்தரை மீட்டர். கிணற்று நீர்மட்டத்திலிருந்து தொட்டி வாய் வரை ஏற்றம் 12 மீட்டர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இணைப்பின் வடிவத்தைவிட, அது எங்கே இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். குழாய் அகலப் போகிறது என்றால், மோட்டாருக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் அகலட்டும். வேகமாக ஓடும் தூரம் குறைந்துவிடும்.

கிணற்றிலிருந்து சாலை வரை உள்ள 30 மீட்டரை 110-ஆக மாற்றினால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தோம். உராய்வில் 3.86 மீட்டர் மிச்சம். சாலைக்கு அடியில் இருக்கும் 10 மீட்டரை இப்போது தோண்ட முடியாது. அது சின்னதாகவே இருக்கும். அதனால் சாலைக்கு முன்னால் புதிதாக ஒரு குறுக்கம் வரும், அதற்கு 16 சென்டிமீட்டர். மோட்டார் பக்கம் புதிதாக ஒரு விரிவு வரும், இரண்டு படியாகச் செய்தால் 11 சென்டிமீட்டர். இவற்றைக் கழித்தாலும் 3.6 மீட்டர் கையில் நிற்கிறது. பம்பும் மோட்டாரும் சேர்ந்து பாதித் திறனில் ஓடுகின்றன, நாளைக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் என்று வைத்துக்கொண்டால், அதே நீருக்கு ஆண்டுக்கு 680 யூனிட் போல மிச்சம். கூம்பு மட்டும் போட்டிருந்தால் 36 யூனிட்.

விவசாய மின்சாரம் இலவசம், எனக்கு யூனிட் கணக்கு எதற்கு என்று எல்லைக்கு அந்தப் பக்கத்து உறவினர் ஒருவர் கேட்டார். பில்லில் தெரியாது என்பது உண்மை. ஆனால் மின்சாரம் வருகிற நேரம் அளவானது. அந்த நேரத்துக்குள் எத்தனை மரத்துக்குத் தண்ணீர் எட்டுகிறது என்பதில் தெரியும். ஹெட் குறைந்தால் இந்த வகைப் பம்பு கூடுதலாகத் தண்ணீர் தள்ளும். வினாடிக்கு 8 லிட்டர் அதே 8-ஆக நிற்காது. அதனாலேயே ஒரு கவனமும் வேண்டும்: தண்ணீர் கூடும்போது மோட்டார் இழுக்கும் மின்னோட்டமும் கூடலாம். அம்மீட்டரைப் பார்த்து, மோட்டார்ப் பட்டியில் எழுதியிருக்கும் ஆம்பியரைத் தாண்டினால் கேட் வால்வை ஒரு சுற்று மூடிக்கொள்ள வேண்டும்.

அதற்காக விரிவின் சுழல் ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்துவிடக்கூடாது. ஹெட் கணக்கில் சின்னதாகத் தெரிவது வேறு இடத்தில் தலைகாட்டும். தண்ணீர் பின்னால் திரும்பாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வை விரிவுக்கு ஒட்டினாற்போல் வைத்தால், அதன் கதவு அந்தக் கொந்தளிப்பில் படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்தக் ‘கடகட’ சத்தம் பல கிணற்று மேடுகளில் கேட்கிறது. கீல் தேய்ந்து ஒரு நாள் கதவு கழன்று விழும்போதுதான் தெரிய வருகிறது. பெரிய குழாயின் விட்டத்தைப்போல ஐந்து மடங்காவது, அதாவது அரை மீட்டர் நேர்க்குழாய் விட்டு வால்வை வைக்க வேண்டும். தண்ணீர் மீட்டர் வைப்பவர்களுக்கு அந்த இடைவெளி இன்னும் அதிகம் வேண்டும். பெரிய குழாயின் மேல்பகுதி சின்னக் குழாயைவிட உயரத்தில் இருப்பதால் மூலையில் காற்று தங்கவும் வாய்ப்புண்டு. அந்த மேட்டில் ஒரு காற்றுப்போக்கி வைப்பது நல்லது. மணல் வரும் கிணறு என்றால் அடிப்பக்க மூலையில் மணலும் நிற்கும்.

சுழலை விரும்பி வரவேற்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு. உரக்கரைசலை விரிவுக்குச் சற்று முன்னால் செலுத்தினால், அந்தக் கலக்கம் இலவசமாக நன்றாகக் கலந்து கொடுக்கும்.

இந்தக் கணக்கு எல்லாம் தண்ணீருக்குத்தான். ஓட்டம் அமைதியானதா கொந்தளிப்பானதா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண், நம் சின்னக் குழாயில் இரண்டு லட்சத்தை ஒட்டி இருக்கிறது. 2,300 அளவைத் தாண்டினாலே ஓட்டம் கொந்தளிக்கத் தொடங்கிவிடும். எண்ணெய் ஆலைக் குழாயில் மெதுவாகப் போகும் தேங்காய் எண்ணெய் அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கும். அங்கே சுழியின் நீளம் படி உயரத்தை மட்டும் பொறுத்ததல்ல, வேகம் கூடக் கூட நீண்டுகொண்டே போகும். அங்கே போர்டா–கார்னோ கணக்கை அப்படியே போடக்கூடாது. ஆலை வைத்திருப்பவர்கள் இதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

மைத்துனருக்கு நான் சொன்ன பதில் இது. கையில் பணம் இருந்தால் 30 மீட்டரையும் மாற்றுங்கள். பாதிப் பணம்தான் இருக்கிறது என்றால், கிணற்றுப் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள், சாலைப் பக்கத்திலிருந்து தொடங்கிக் கிணற்றை நோக்கி வாருங்கள் என்று முதலில் சொல்லத் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் அது தவறு. எந்தப் பக்கம் தொடங்கினாலும் சாலைக்கு முன்னால் ஒரு குறுக்கமும் மோட்டாருக்கு அப்பால் ஒரு விரிவும் வரத்தான் செய்யும். உராய்வும் மாற்றிய நீளத்தை மட்டுமே பொறுத்தது. கிணற்றுப் பக்கம் தொடங்கினால் வால்வுகளும் பெரிய குழாயில் அமர்ந்துவிடும், அங்கே வேகம் குறைவு என்பதால் அவற்றின் இழப்பும் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆகவே மோட்டார் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். பணமே இல்லை என்றால், சாலைக்கு அப்பால் விரிசல் விட்ட இணைப்பில் 75 மில்லிமீட்டர் நடுத்துண்டு வைத்த இரண்டு படியை மட்டும் போடுங்கள். ரெடியூசரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கூம்பு வேண்டாம் என்று நண்பரிடம் நானே பேசுகிறேன்.

அவர் 30 மீட்டரையும் மாற்றுவதாக முடிவெடுத்துவிட்டார். டெலிவரி வாயிலிருந்து 63 மில்லிமீட்டர்த் துண்டு ஒன்று, பிறகு அரை மீட்டர் 75, பிறகு 110. அதற்கு அப்பால் அரை மீட்டருக்குமேல் விட்டு நான்-ரிட்டர்ன் வால்வு, அடுத்து கேட் வால்வு. சாலைக்கு முன்னால் குறுக்கத்துக்கு அந்த ரெடியூசரையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று தோன்றியதால், திருப்பிக் கொடுக்கச் சொன்னதை மாற்றிக்கொண்டேன்; அங்கே அது உண்மையாகவே உதவும். சாலைக்கு அப்பால் மறுபடி 75, 110 என்று இரண்டு படி. சாலைக்கு அடியில் பெரிய குழாய் விட ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறார். அனுமதி வந்தால் அந்த 10 மீட்டரும் 110 ஆகும். சாலைக்கு இரு பக்கமும் உள்ள குறுக்கத்தையும் விரிவையும் அன்றே கழற்றி எடுத்துவிடலாம்.